கார்ட் மாற்றினால் இன்டர்நெட் பறக்குமா? நம் குழுவில் சேரும் காசு பற்றி ஒரு வார்த்தை



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிள்ளைக்கு ஒரு பழைய லெப்டொப் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போனாலும் கோபமில்லை.

கடந்த கிழமை நம் ஜிந்துப்பிட்டி வட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய பழைய லெப்டொப்கள் பதினான்கும் ஸூம் வகுப்பில் திக்குகின்றன, படம் உறைந்து போகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. ஆகவே எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, பதினான்குக்கும் உள்ளே இருக்கும் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டுப் புதிது பூட்டிக் கொடுப்போம் என்று ஒருவர் எழுதினார். அன்று இரவே காசு சேர ஆரம்பித்துவிட்டது. நம் ஆட்களின் கை பெரிய கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வகுப்பை நடத்தும் நாங்கள் மூன்று ஆசிரியர்களும் குழுவில் வாயே திறக்கவில்லை. ஏன் என்று சிலர் தனியாகக் கேட்டீர்கள். பதில் இதுதான்.

எங்கள் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பதினான்கு கார்ட் வாங்க வேண்டாம். மூன்று போதும். மிச்சக் காசை வேறு இடத்தில் போட வேண்டும்.

இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது. போன வருடம் இதே விஷயத்தில் ஒரு தாய்க்குத் தவறான யோசனை சொன்னவர்கள் நாங்கள்தான்.

அந்த உம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவர். மகன் உயர்தரம், கணிதப் பிரிவு. இரவு ஏழரைக்கு ஒன்லைன் வகுப்பு. சேர் பலகையில் எழுதுவது பாதியில் நின்றுவிடும், திரும்பி வரும்போது அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். லெப்டொப்பை ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைத் தம்பி மூடியைக் கழற்றிப் பார்த்து, "கார்ட் பழசு, இத மாத்தினா ஸ்பீட் ரெண்டு மடங்கு" என்றாராம். அந்த உம்மா எங்களிடம் வந்து, "மாத்தலாமா சேர்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நாங்களும் பெரிய மனிதர் மாதிரி, பழைய கார்ட்தானே, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டோம். சீட்டுக் காசில் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது, பூட்டுக் கூலியோடு.

அடுத்த நாள் இரவும் படம் உறைந்தது.

பிறகுதான் நாங்கள் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அளந்து பார்த்தோம். முதலே செய்திருக்க வேண்டிய வேலை. அவர்களிடம் இருப்பது சிம் போடும் 4ஜி ரவுட்டர். இரவு எட்டு மணிக்கு ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து ஸ்பீட் டெஸ்ட் போட்டால் ஏழு எம்பிபிஎஸ். போனில் போட்டாலும் ஏழு. லெப்டொப்பை ரவுட்டரோடு கேபிளில் நேராக இணைத்துப் போட்டாலும் ஏழு. பையனை விடியற்காலை எழும்பும்போது ஒரு தடவை போடச் சொன்னோம், முப்பதைத் தாண்டியது. அதாவது ரவுட்டருக்கு வெளியே, டவரில்தான் நெரிசல். எல்லோரும் வேலை முடிந்து வந்து நாடகமும் யூடியூபும் பார்க்கும் நேரத்தில் ஒரே டவரை எத்தனை வீடுகள் பங்கு போடுகின்றன என்று யோசித்துப் பாருங்கள். லெப்டொப்புக்குள் இருக்கும் கார்டுக்கும் டவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கழற்றிய பழைய கார்ட் வைஃபை 4 வகை, ஒற்றை அன்டெனா. அதுவே ரவுட்டரோடு 72 எம்பிபிஎஸ் வரை இணைப்புப் பிடிக்கும். காற்றில் பாதி வீணாகிப் போனாலும் முப்பதுக்கு மேல் கையில் கிடைக்கும். வெளியிலிருந்து வருவதோ ஏழு. நம் தோட்டங்களில் பொதுப் பைப்பில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பைப்பில் நூலாகத் தண்ணீர் வரும்போது சின்ன வாளியை வைத்தால் என்ன, பெரிய வாளியை வைத்தால் என்ன?

காசைத் திருப்பித் தருகிறோம் என்றோம். அந்த உம்மா வாங்கவில்லை. "நீங்களும் தெரியாமத்தானே சேர் சொன்னீங்க" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் குழுவில் பதினான்கு கார்ட் என்றவுடன் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கார்ட் மாற்றுவது வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. குழுவில் ஒரு சகோதரர், "நான் மாற்றினேன், பறக்கிறது" என்று எழுதியிருந்தார். பொய்யில்லை. எங்கள் மூவரில் ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருக்கிறார், வீட்டுக்கு பைபர் வந்திருக்கிறது, 100 எம்பிபிஎஸ். கேபிளில் இணைத்தால் 94 வருகிறது. போனில் வைஃபையில் 90. அதே மேசையில் அவருடைய பழைய லெப்டொப்பில் வெறும் 20, சில நாள் 15. அங்கே கார்ட்தான் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும் கார்டைப் பூட்டினார், இப்போது லெப்டொப்பிலும் 90. அந்தச் சகோதரர் வீட்டிலும் பைபர்தான் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் சொல்கிறோம், பிள்ளைகளுக்கும் உதவும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெரிய பாதைகள் உண்டு (புதிதாக 6 கிகாஹெர்ட்ஸும் வந்திருக்கிறது, அதை விடுங்கள்). 2.4 பழைய பாதை. அதில் ஒன்றோடொன்று உரசாமல் ஓடக்கூடிய தடங்கள் மூன்றுதான், 1, 6, 11. நம் பகுதியில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. எங்கள் வகுப்பு மண்டபத்தில் நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபதுக்கு மேல் பெயர் வருகிறது. அத்தனையும் பெரும்பாலும் அந்த மூன்று தடத்துக்குள்தான் இடிபடுகின்றன. அதோடு புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில்தான். ஜம்பட்டா வீதியில் மாலை ஐந்தரைக்கு ஓட்டோ ஓட்டியவருக்கு நிலைமை புரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அகலமான பாதை, தடங்கள் கூட. ஆனால் அதற்கு ஒரு பலவீனம், சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். நம் பழைய வீடுகளின் தடித்த கல் சுவர்களிலும், அறைக்கு அறை அடித்திருக்கும் தகரத்திலும் அது மிகவும் அடிபடும்.

2009இல் வந்த வைஃபை 4 கார்டுகளில் மலிவானவை 2.4 மட்டுமே பிடிக்கும். அதற்குப் பிறகு வந்த வைஃபை 5 கார்ட் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும், இரண்டு அன்டெனா இருந்தால் 867 எம்பிபிஎஸ் வரை இணைப்புப் பிடிக்கும். வைஃபை 6 இன்னும் மேலே போகும். பெட்டியில் 2400, 3000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில், எல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கக்கூடிய கணக்கு. இன்டர்நெட் வேகமல்ல. அதுவும் ரவுட்டரும் அதே வகையாக இருந்தால்தான். வைஃபை 4 ரவுட்டருக்கு முன்னால் வைஃபை 6 கார்டை வைத்தால் கார்ட் இறங்கி வந்து வைஃபை 4 பாஷைதான் பேசும்.

ஸூம் வகுப்புக்கு எவ்வளவு வேகம் தேவை என்று நினைக்கிறீர்கள்? தெளிவான படத்துக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் போதும். நூறு வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றும் இடைவிடாமல் வர வேண்டும். ஒரு ரவுட்டரை மூன்று வீடு பங்கு போடும் இடங்கள் நம்மிடம் இருக்கின்றன, பில்லையும் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபது வரை போன நாட்களில் அப்படிச் செய்யாமல் எத்தனை பிள்ளைகள் படித்திருக்க முடியும்? ஆனால் வகுப்பு நேரத்தில் பக்கத்து வீட்டில் இரண்டு பேர் வீடியோ பார்த்தால் அந்த ஏழு எம்பிபிஎஸ்ஸில் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? இதற்கு மருந்து கடையில் விற்கும் கார்ட் இல்லை. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை வீடியோவை நிறுத்துங்கள் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்பதுதான் மருந்து. கேட்டுப் பார்த்த வீடுகளில் பலன் கிடைத்திருக்கிறது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1982இல் ரூபவாஹினி வந்த புதிதில் படம் புள்ளி விழுந்தால் யாராவது தொலைக்காட்சிப் பெட்டியை மாற்றினோமா? ஒருவர் கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்புவார், ஒருவர் ஜன்னலில் நின்று "இப்ப வந்திச்சு, இல்ல போயிட்டு" என்று கத்துவார். அந்தப் புத்தி இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னால், தொலைக்காட்சிக்கு அடியில், சில வீடுகளில் திருட்டுப் பயத்தில் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உயரமான, திறந்த இடத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை போகும். 4ஜி ரவுட்டர் என்றால் ஜன்னலோரம், ஒவ்வொரு ஜன்னலாக வைத்து ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் கூட வருகிறதோ அந்தப் பக்கம். செலவு இல்லை.

சரி, பதினான்கு லெப்டொப்புக்கு வருகிறோம். போன சனிக்கிழமை எல்லாவற்றையும் மண்டபத்துக்கு வரவழைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினொன்றில் ஏற்கனவே இரண்டு அலைவரிசைக் கார்ட் இருக்கிறது, வைஃபை 5, இரண்டு அன்டெனா. வெளிநாட்டு ஒபிஸ்களில் பாவித்துக் கழித்த மெஷின்கள், உள்ளே நல்ல சாமான்தான். அவற்றில் புதுக் கார்ட் போட்டாலும் பிள்ளைகளின் வீட்டு இணைப்பில் ஒரு எம்பிபிஎஸ் கூடப் போவதில்லை. ஒன்றில் அன்டெனா வயர் கார்டிலிருந்து கழன்று தொங்கியது. யாரோ முன்பு திறந்து மூடியிருக்கிறார்கள். நகத்தால் அழுத்திப் பூட்டினோம், சிக்னல் முழுதாக வந்தது. இரண்டில் ட்ரைவர் மிகப் பழையது. பழைய இன்டெல் கார்டுகளில் ட்ரைவரைப் புதுப்பிக்காவிட்டால் சில வைஃபை 6 ரவுட்டர்களின் பெயரே பட்டியலில் வராது. கார்ட் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். இலவசமாக இறக்கிப் போடலாம், போட்டோம்.

மூன்று மெஷினில்தான் 2.4 மட்டும் பிடிக்கும் ஒற்றைக் கார்ட். இந்த மூன்றுக்கும் மாற்றலாம் என்கிறோம்.

உண்மையான நோய் வேறு இடத்தில் இருந்தது. ஐந்து மெஷினில் 4 ஜிபி ரெம், சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். திறந்து ஸூமை இயக்கும் முன் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். வகுப்பு நடக்கும்போது பின்னால் விண்டோஸ் ஏதாவது வேலை பார்த்தால் முழு மெஷினும் உறைகிறது. பிள்ளை அதை "நெட் ஸ்லோ" என்று சொல்கிறது, நாமும் நம்புகிறோம். இந்த ஐந்துக்கும் எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரெமும் போட்டால் தெரியும் வித்தியாசம் எந்தக் கார்டிலும் தெரியாது.

உங்கள் வீட்டு மெஷினை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதலில் போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீட் டெஸ்ட், பிறகு அதே இடத்தில் லெப்டொப்பில். வகுப்பு நடக்கும் நேரத்திலேயே செய்யுங்கள், நண்பகலில் செய்து பிரயோசனமில்லை. இரண்டும் ஒரே அளவு வந்தால் கார்டில் பிழையில்லை, காசைப் பத்திரமாக வையுங்கள். போனில் அறுபதும் லெப்டொப்பில் பதினைந்தும் வந்தால் கார்டைச் சந்தேகப்படலாம். அப்போதும் உடனே கடைக்கு ஓடாமல், விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை புரொபர்ட்டீஸைத் திறந்து கீழே பாருங்கள். நெட்வொர்க் பேண்ட், லிங்க் ஸ்பீட் என்று எழுதியிருக்கும். நல்ல கார்ட் இருந்தும் 2.4இல் தொங்கிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்தால் அதில் சேருங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நன்றாக வந்து அறைக்குள் போனதும் விழுந்தால் அது சுவரின் பிரச்சினை. கேபிள் இழுக்க முடிந்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. எட்டு என்று வந்தால் அது எட்டு மெகாபிட், ஒரு நொடிக்கு ஒரு மெகாபைட்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். கடைகளில் இந்த இரண்டையும் குழப்பிக் கதைக்கிறார்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் சில விஷயம். சில லெப்டொப்களில் கார்ட் போர்ட்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்றவே முடியாது. பழைய மெஷினில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை, புதியதில் எம்.2 வகை. ஒன்று மற்றதில் பூட்டாது, அன்டெனா வயரின் நுனி கூட வேறு அளவு. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்ற இன்டெல் கார்டுகள் எம்.2 துளை உள்ள பெரும்பாலான மெஷினில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்க்க அதே மாதிரி இருக்கும், பெயரிலும் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் அவை அதற்கென்றே செய்த புதிய இன்டெல் மெஷின்களில் மட்டும்தான் ஓடும். ஏஎம்டி மெஷினில் போட்டால் சும்மா கிடக்கும். எச்பி, லெனோவோ நிறுவனங்களின் சில பழைய மொடல்களில் கம்பனி அங்கீகரிக்காத கார்டைப் பூட்டினால் மெஷின் திறக்கவே மறுத்து எச்சரிக்கை காட்டி நிற்கும். ஆகவே யூனிட்டி பிளாசாவுக்குப் போனாலும் முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனாலும் லெப்டொப்பைக் கையோடு கொண்டுபோய், பூட்டி, இயங்கிக் காட்டிய பிறகே காசைக் கொடுங்கள். இவ்வளவு தலையிடி வேண்டாம் என்பவர்களுக்கு யூஎஸ்பியில் சொருகும் இரண்டு அலைவரிசை அடப்டர் இருக்கிறது. அழகில்லை, ஆனால் மூடியைத் திறக்க வேண்டியதில்லை, நாளைக்கு வேறு மெஷினுக்கும் மாற்றலாம்.

"போட்டுப் பார்த்தால் நட்டம் ஒன்றுமில்லையே" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நட்டம் இருக்கிறது நானா. மெல்லிய வயர், மெல்லிய பூட்டு. ஒரு தடவை உடைந்தால் அன்டெனாவையே மாற்ற வேண்டும், அதற்கு ஸ்கிரீனைக் கழற்ற வேண்டும். அதோடு, பிள்ளைகளுக்கு என்று ஊர் ஒரு தடவைதான் இப்படிக் கொடுக்கும். கார்ட் போட்டும் படம் உறைந்தால் அடுத்த தடவை கேட்க எங்களுக்கு முகம் இருக்காது.

எனவே எங்கள் கணக்கு இது. மூன்று கார்ட், அல்லது மூன்று யூஎஸ்பி அடப்டர். ஐந்து எஸ்எஸ்டி, ஐந்து ரெம். மிச்சத்தை வகுப்பு மண்டபத்துக்கு ஒரு பைபர் இணைப்பு எடுப்பதற்கும், இரண்டு அலைவரிசை ரவுட்டர் ஒன்றுக்கும், ஒரு ஸ்விட்ச்சும் கேபிளும் வாங்குவதற்கும் கேட்கிறோம். மேசைகளுக்குக் கேபிள் இழுத்துவிட்டால் வைஃபை நெரிசல் என்ற கதையே இல்லை. பதினான்கு பேரும் ஒரே நேரம் வகுப்பில் இருந்தாலும் ஆளுக்கு மூன்று என்று நாற்பத்திரண்டு எம்பிபிஎஸ்தான், நூறில் பாதிகூட இல்லை. வீட்டில் சிக்னல் இல்லாத பிள்ளை இரவு ஒன்பதரை வரை இங்கே இருந்து படிக்கட்டும். பெண் பிள்ளைகளை இருட்டில் அனுப்ப முடியுமா என்ற கேள்வி வரும், வர வேண்டிய கேள்விதான். உம்மாமார் முறை வைத்து வந்து இருப்பதாக நான்கு பேர் ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சிலர் தேவை. பைபர் என்றால் மாதா மாதம் பில் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஒரு தடவை கொடுப்பதை விட மாதம் ஒரு சின்னத் தொகை தருவதாகச் சொல்பவர்கள்தான் எங்களுக்கு இப்போது முக்கியம்.

கார்டுக்கு என்று நினைத்துக் காசு போட்டவர்கள், இந்த மாற்றம் பிடிக்காவிட்டால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் தந்துவிடுவோம். ஒவ்வொரு சாமானின் பில்லும் மண்டபக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் ஒட்டப்படும்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மண்டபத்தில் இருப்போம். உங்கள் வீட்டு லெப்டொப்பையும் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். சார்ஜரை மறக்க வேண்டாம். முடிந்தால் முந்தின இரவு எட்டு மணிக்கு வீட்டில் போட்ட ஸ்பீட் டெஸ்ட்டை, போனில் ஒன்று லெப்டொப்பில் ஒன்று, படம் எடுத்து வாருங்கள். அது இல்லாமல் இந்தத் தடவை நாங்கள் எந்த யோசனையும் சொல்லப் போவதில்லை.